மீன் போடாத மீன் குழம்பு: உங்கள் வீட்டில் எப்படி வைப்பீர்கள்?

தக்கலைக்காரி:
ஜூன், ஜூலை வந்தால் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை, போதாக்குறைக்கு இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. சந்தைக்கு வரும் கொஞ்ச மீனும் யானை விலை. அந்த மாதங்களில் அம்மா, மீனுக்கு அரைக்கும் அதே அரைப்பை அரைத்து, சக்கைக்குருவும் (பலாக்கொட்டை) மாங்காயும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைப்பார். குரு எல்லாம் செம்மண் பூசி அடுக்களை மூலையில் ஒரு பழைய பானைக்குள் கிடக்கும். சக்கை சீசன் முடிந்த பிறகும் அதுதான் கைகொடுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், குழம்பு கொதிக்கும்போது அம்மா கரண்டியே போட மாட்டார். மண்சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார், மீன் உடைந்துவிடும் என்பதுபோல. சக்கைக்குரு எங்கே உடையப்போகிறது? கை அப்படியே பழகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா, "தலை யாருக்கு?" என்று கேட்பார். மாங்கொட்டை அவர் தட்டில் விழும். உறிஞ்சி முடிக்கக் கால்மணி நேரமாகும்.

இப்போது கோயம்புத்தூரில் நான் வைத்தால் அது வெறும் மாங்காய்க் குழம்பாகத்தான் நிற்கிறது. அரைப்பு எனக்குத் தெரியும்: தேங்காய், வத்தல்மிளகாய், மல்லி, மஞ்சள், கொஞ்சம் நல்லமிளகு, நாலைந்து சின்ன உள்ளி, எல்லாம் வறுக்காமல் மை போல அரைக்க வேண்டும். கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளிக்கிறேன். இது மீன் குழம்புதான் என்று நாக்கை நம்பவைக்கிற அந்த ஒன்று எது? அம்மாவிடம் கேட்க இனி வழியில்லை. கருவாடு என்று மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் இதே குழம்புதான்.

குளச்சல் பாட்டி:
மக்ளே, கருவாடு கூடாது என்று முதலிலேயே என் வாயை அடைத்துவிட்டாய். எங்கள் வீட்டில் நாலு நெத்திலிக் கருவாடு போடாமல் இந்தக் குழம்பு இறங்காது. சரி, போகட்டும். நீ கடுகு தாளிக்கிறாயே, அங்கேதான் போகிறது. கடுகு பொரிந்த உடனே மரக்கறி வாசம் வந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி மூடு. கால்மணி நேரம் திறக்காதே.

அப்புறம் மீன் விலை பற்றிச் சொன்னாயே. கிழக்கே, கன்னியாகுமரிப் பக்கத்துச் சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. இரண்டும் சேர்ந்து வரும் ஜூன் முதல் இரண்டு வாரம்தான் படுமோசம். வள்ளத்துக்கு (நாட்டுப்படகு) தடை கிடையாது, ஆனால் கடல் அடிக்கிற அடியில் யார் இறக்குவது?

மார்த்தாண்டம் தாமஸ்:
புளி என்ன போடுகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே, அக்கா. மாங்காய் மட்டும் போதாது. குடம்புளி ஒரு சுளை போட்டுப் பாருங்கள். புகையில் காய்ந்த புளி அது, அந்த வாசம் ஏறினாலே நாக்கு பாதி ஏமாந்துவிடும். எங்கள் பக்கம் மீன் குழம்புக்கு அதுதான். தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). கிழங்கு வெந்த தண்ணீரை மறக்காமல் வடித்துக் கொட்டிவிடுங்கள், அதில் கட்டு, அதாவது நச்சு, உண்டு. 1942-இல் பர்மா அரிசி வராமல் போனபோது திருவிதாங்கூரில் பல வீடுகளில் வயிறு நிறைந்தது இந்தக் கிழங்கால்தான். கூட இப்படி மீன் இல்லாத குழம்பு ஏதாவது இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வடசேரி சைவம்:
நான் மீன் சாப்பிட்டதே இல்லை, இங்கே பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். சக்கைக்குரு எங்களுக்கும் சொந்தம்தான். குருவைத் தனியாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறீர்களா? அந்தத் தண்ணீரிலேயே அரைப்பைக் கரையுங்கள், குழம்பு கொழகொழவென்று நிற்கும். தேங்காயை மட்டும் வறுத்துவிடாதீர்கள். வறுத்தால் அது தீயல் என்கிற வேறு குழம்பு.

தக்கலைக்காரி:
தாமஸ் தம்பி, நீங்கள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது, அடுப்புக்கு மேலே ஒரு கறுத்த ஓலைப்பெட்டி தொங்கும். புளி அதில்தான் இருந்திருக்க வேண்டும். இங்கே ஒரு மலையாளிக் கடையில் குடம்புளி வாங்கி நேற்று வைத்தேன். கடுகு இல்லை, பச்சை எண்ணெய்தான். வாசம் அப்படியே வந்துவிட்டது, பாட்டி! ஆனால் வாயில் வைத்தால் புளிப்பு பல்லைக் கூசுகிறது.

குளச்சல் பாட்டி:
மாங்காயைப் பாதியாகக் குறை. முழு மாங்காயும் குடம்புளியும் ஒரே சட்டியில் ஒத்துப்போகாது. அப்படியும் புளித்தால் இன்னும் இரண்டு சில் தேங்காய் அரைத்து ஊற்று. கொட்டையைத் தூக்கி எறிந்துவிடாதே, அதில்தான் சதை இருக்கிறது.