22 மீட்டர் இறக்கம், 40 மீட்டர் கயிறு: கடைசி ஆள் இறங்கிய பிறகு எப்படி உருவுவது?

ஈரப்பாறை:
சென்னையிலிருந்து நாகலாபுரம் பக்கம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒரு கேன்யனிங் (அருவி ஓடும் பள்ளத்தாக்கில் கயிற்றில் இறங்கிப் போவது) திட்டம். இறக்கம் 22 மீ, அடியில் ஆழமான மடு. கையில் 9.5 மிமீ செமி-ஸ்டாட்டிக் (அதிகம் நீளாத) கயிறு 40 மீ இருக்கு. கீழிருந்து உருவ வசதியாக இரட்டையாக விட்டால் 20 மீதான் வரும். 60 மீ வாங்கியே ஆகணுமா? பாரிமுனை ஹார்டுவேர் கடை டி-ஷேக்கிளை (D வடிவ உலோக வளையம்) ஆங்கரில் (மேலே கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) போடலாமா?

முடிச்சுக்காரன்:
வாங்க வேண்டாம் ப்ரோ. ஒற்றைக் கயிற்றில் இறங்கி, காராபினர் பிளாக் (காராபினர் என்ற கதவுள்ள கொக்கி வளையத்தால் கயிற்றை ஒரு பக்கம் ஓடாமல் தடுப்பது) போடுங்க. ஆங்கர் வெப்பிங்கில் (தட்டையான நைலான் பட்டை) 8 மிமீ குயிக் லிங்க் (மரையால் மூடும் உலோக வளையம்) மாட்டி, மரையை முழுசா முறுக்குங்க. கயிறு அதற்குள் போய் ஒரு பக்கம் 22 மீ தொங்கட்டும். மறுபக்கம், லிங்க்கை ஒட்டியே, லாக்கிங் (பூட்டும் வகை) காராபினரின் முதுகில், அதாவது கதவு இல்லாத பக்கத்தில், க்ளோவ் ஹிட்ச் (இரண்டு சுற்று முடிச்சு). இரண்டு சுற்றும் நெருங்கி உட்காரும்வரை இறுக்கிவிட்டுப் பூட்டுங்க. எடை விழுந்ததும் காராபினர் லிங்க்கில் முட்டி நிற்கும்.

இழுக்கும் பக்கம் 18 மீதான் மிஞ்சும். அதன் நுனியில் 6 மிமீ கார்டு (மெல்லிய கயிறு) 8 மீ கட்டினால் போதும். அந்த முடிச்சு லிங்க்கைத் தாண்டவே தாண்டாது, ஆள் எடையும் அதில் வராது.

ஆளைக் கொல்லும் தப்பு ஒன்றுதான்: டிசெண்டரை (இறங்கும்போது கயிற்றில் பிரேக் மாதிரி வேலை செய்யும் கருவி) இழுக்கும் பக்கத்தில் மாட்டுவது. பிளாக் கூடவே வந்துவிடும். அதனால் இறங்குபவர் தன் கவ்ஸ்டெயில் (இடுப்புப் பட்டையிலிருந்து ஆங்கரில் மாட்டும் சிறு கயிறு) ஆங்கரில் இருக்கும்போதே கயிற்றில் முழு எடையும் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் கவ்ஸ்டெயிலைக் கழற்றணும்.

தாங்கும் பலத்தைக் கிலோநியூட்டனில் பொறிக்காத ஷேக்கிள் வேண்டவே வேண்டாம். வளையம் பெரிசாக இருந்தால் காராபினர் சாய்ந்து உள்ளே நுழைந்துவிடும், அது இன்னொரு வம்பு.

மடுமீன்:
முதல் ஆளுக்கே பிளாக் போடுறதில் எனக்கு உடன்பாடு இல்லை. அருவிக்கு நடுவில் ஒருத்தர் மாட்டிக்கிட்டா மேலிருந்து கயிறு விட வழி இருக்காது. கடைசி ஆள் வரை ஃபிகர்-8-ஐ (எட்டு வடிவ டிசெண்டர்) ஆங்கரில் மாட்டி, அதில் கயிற்றைச் சுற்றிப் பூட்டி வையுங்க. மேலே மிஞ்சும் 18 மீட்டரை வைத்து மாட்டிக்கிட்டவரை அப்படியே கீழே விடலாம். கடைசி ஆள் மட்டும் பிளாக்குக்கு மாற்றட்டும்.

நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். நீரோட்டத்தில் நுனி முடிச்சு போட்டால், டிசெண்டர் அதில் முட்டி ஆள் கயிற்றோடு தண்ணிக்குள்ளேயே நிற்பார். நீந்தத் தெரியாதவரை இந்த இறக்கத்துக்குக் கூட்டிப் போகாதீங்க.

ஈரப்பாறை:
லிங்க் இல்லாமல் கயிற்றை நேரா வெப்பிங்கில் விட்டால்?

முடிச்சுக்காரன்:
உருவும்போது நைலான் மேல் நைலான் ஒரே இடத்தில் உரசும், வெப்பிங் உருகும். கயிறு வந்துவிடும், அடுத்து அதே வெப்பிங்கை நம்பி இறங்குபவர்தான் மாட்டுவார்.

மலைவிளிம்பு:
கயிறு சிக்குவதற்குப் பெரும்பாலும் லிங்க் விளிம்புக்குப் பின்னால் கிடப்பதுதான் காரணம். அங்கே குவார்ட்சைட் பாறை, விளிம்பும் பிளவும் கூர்மை; காராபினர் போய் ஆப்பு மாதிரி உட்காரும். வெப்பிங்கை நீட்டி, லிங்க் விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். ரொம்ப நீட்டினால் கடைசி ஆள் அதற்குக் கீழே இறங்கிக் கயிற்றுக்கு மாறுவது சிரமம்.

கடைசி ஆள் பிளாக் போட்டதும், மேலே கவ்ஸ்டெயிலில் இருக்கும்போதே கீழே உள்ளவர் இரண்டு மீட்டர் இழுத்துப் பார்க்கணும். நகரலையா, மேலேயே சரிசெய்யலாம். நகர்ந்தால் பிளாக்கை மறுபடி லிங்க் வரை ஏற்றி, எடை போட்டுப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.

உருவும்போது சுவரைவிட்டுத் தள்ளி நின்று, நிறுத்தாமல் இழுங்க. அதுக்கு முன்னாடி மேலே போகும் நுனியில் முடிச்சு இருக்கான்னு கையால் தடவிப் பாருங்க. அப்படியும் சிக்கினால், எதில் மாட்டியிருக்குன்னு தெரியாத கயிற்றில் யாரும் ஏறக் கூடாது; வெட்டிவிட்டு மிச்சத்தோடு வெளியேறுங்க. வெட்டுவதற்கு முன், கீழே இன்னும் எத்தனை மீட்டர் இறக்கம் பாக்கி என்று கணக்குப் போட்டுக்கோங்க.