வடகாற்று வீசிய நாளில் ஹை ஐலண்ட்

பறவைகளின் வசந்தகால வலசையைக் காணக் காரில் புறப்படுபவர்கள் பெரும்பாலும் விடுமுறையைப் பார்த்தே தேதி குறிக்கிறார்கள். ஏப்ரல் பிற்பகுதியில் டெக்சாஸ் கடற்கரையைச் சுற்றி வந்த பிறகு, காற்றின் திசையைப் பார்த்துக் கிளம்புவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தி சாயும் நேரத்தில் யுகடான் தீபகற்பத்திலிருந்து கிளம்பும் சிறு பறவைகள், மெக்சிகோ வளைகுடாவின் மேல் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் தூரத்தை இரவெல்லாம் எங்கும் இறங்காமல் கடந்து, மறுநாள் முற்பகலுக்குப் பிறகே டெக்சாஸ் கரையை எட்டுகின்றன. சுமார் 3 கிராம் எடையுள்ள ஹம்மிங்பேர்டுகூட இந்தக் கடலைத் தாண்டுகிறது. தென்காற்று துணையிருந்தால் அவற்றில் பல, கரையில் இறங்காமலே உள்நாட்டுக் காடுகளுக்குச் சென்றுவிடும். எதிரே வடகாற்றும் மழையும் வந்துவிட்டால், கண்ணில் படும் முதல் மரத்திலேயே இறங்கிவிடும். அந்தக் கரையோரத்து ஊரான ஹை ஐலண்டின் பெருமைக்கு இதுவே காரணம். நிலத்தடியில் திரண்ட உப்புப் பாறை (உப்புக் குவிமாடம்) மேலெழும்பியதால் உண்டான அந்த மேட்டில் ஓக் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. சுற்றிலும் வெறும் சதுப்பு நிலம்தான்.

நாங்கள் போன அன்று காலையில் தோப்பு வெறிச்சோடிக் கிடந்தது. நண்பகலில் காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீச, மழை பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம், வழக்கமாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து தேட வேண்டிய வார்ப்ளர் என்னும் சிறு பறவைகள் புல்தரையில் எங்கள் காலடிக்கு அருகே பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. முசுக்கட்டை மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு ஆண் ஸ்கார்லெட் டேனஜர், நனைந்த கறுப்பு இறக்கைகளைத் தொங்கவிட்டபடி, பழத்தை அலகால் நசுக்கி நசுக்கி விழுங்கியது. சாறு வழிந்து அதன் அலகு முழுவதும் கருஞ்சிவப்பாகியிருந்தது. பைனாகுலரை இறக்கிவிட்டு வெறுங்கண்ணாலேயே பார்த்தோம்.

இதை நமக்கு வாய்த்த விருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரையை எட்ட முடியாமல் கடலில் விழுந்தவையும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும். வந்து சேர்ந்தவற்றுக்கு அப்போது வேண்டியது இரையும் ஓய்வும்தான். ஆகவே படத்துக்காக ஓரடி முன்னே நகர்வதும், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடவே கூடாது.

அருகிலுள்ள அனாவாக் ஊர்ப் பக்கத்து நெல்வயல்களில் கார் மிகவும் உதவியது. இறங்கி நடந்தால் எழுந்து பறந்துவிடும் விம்பிரல் என்னும் கரைப்பறவைகள், சாலையோரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தபோது, நீண்டு வளைந்த அலகைச் சேற்றில் நுழைத்து இரை தேடியபடி எங்களை நோக்கியே நடந்து வந்தன.

அடுத்து ஒஹாயோவின் மகீ மார்ஷ் சதுப்பு நிலத்துக்கு, மே மாதத்தில் செல்ல எண்ணியிருக்கிறோம். வடக்கே ஈரி ஏரியைக் கடக்கும் முன் பறவைகள் அங்கே தங்கி இளைப்பாறுகின்றன. தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடியதாகவே பதிவு செய்து வைத்துவிட்டு, வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே புறப்படுவோம்.