வெள்ளம் வந்தால் ஆற்றோரக் குடும்பங்களை லாட்ஜில் தங்க வைப்பது சரிவருமா?

சிந்துபூந்துறைக்காரன் கேட்டது:

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஏற்பாடு செய்துவைக்க எங்கள் தெருச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. ஆற்றை ஒட்டி 14 குடும்பம், குழந்தைகளோடு 52 பேர். கையில் 1,30,000 ரூபாய் இருக்கிறது. பள்ளிக்கூடத்து முகாமில் பெண்கள் குளிக்கவும் துணி மாற்றவும் படும் பாட்டைப் பார்த்து, குடும்பத்துக்கொரு ரூம் லாட்ஜில் எடுத்துக் கொடுக்கலாம் என்று யோசனை. ஒரு ரூம் நாளுக்கு 900 என்றால் 14 ரூம், 10 நாள், 1,26,000. கணக்கு சரியாக வருகிறது. இதில் எங்கே இடிக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரூம்சாவி பதில்:

அண்ணாச்சி, முதலில் இடிக்கப்போவது ரிசப்ஷனில். நம்ம ஊர் லாட்ஜ் பலதிலும் உள்ளூர் முகவரி ஆதாரைக் காட்டினால் ரூம் இல்லை என்பார்கள். போலீஸ் விசாரணை வரும் என்ற பயம். மழையில் நனைந்துகொண்டு 14 குடும்பம் போய் நின்றால் பதில் இதுதான். அதனால் இப்போதே முதலாளியை நேரில் பாருங்கள், மேனேஜரை அல்ல. சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம், அதோடு குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, ஆதார் நகல், வார்டு கவுன்சிலர் கையெழுத்து. ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். தெருப் பெயரைக் கேட்டதும் பேச்சை இழுக்கிற இடமாக இருந்தால் அங்கே விட்டுவிட்டு அடுத்த இடம் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் நம் பிள்ளைகள் பத்து நாள் கூனிக் குறுகி இருக்க வேண்டாம்.

இரண்டாவது, மாதம். ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிற கூட்டம், கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்ப சாமிமார். மழைக்காலமும் லாட்ஜ் நிறைகிற காலமும் ஒன்றுதான். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் உபரிநீர் திறப்பு அறிவிப்பு வந்த பிறகு போன் செய்தால் ரூம் இருக்காது. சிறிய முன்பணம் கொடுத்து, அறிவிப்பு வந்த ஆறு மணி நேரத்துக்குள் இத்தனை ரூம் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

இடம் பார்க்கும்போது ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்தில் இருந்தால், உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறும்போது அங்கேயும் ஏறும். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மூன்றாம் மாடி பாத்ரூமில் தண்ணீர் கிடையாது. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட், பெருமாள்புரம் பக்கம் தேடுங்கள். ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் நோயாளிகளோடு வருபவர்கள் நிறைய தங்குவார்கள், அதனால் இன்னும் சீக்கிரம் பேச வேண்டும்.

டேங்க் அளவையும் கேளுங்கள். சாதாரண கெஸ்ட் காலையில் குளித்துவிட்டு வெளியே போய்விடுவார். குடும்பம் நாள் முழுக்க அறையில் இருக்கும், துணி துவைக்கும். ஆளுக்கு 100 லிட்டர் வைத்தாலும் 52 பேருக்கு 5,200 லிட்டர். அதைப் பேசி வைக்காவிட்டால் மூன்றாம் நாளே ரூம் பாயோடு சண்டை வரும்.

அடுத்தது சமையல். லாட்ஜ் அறையில் சுவரோரம் இருக்கும் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் போட்டுச் செருகினால் முதலில் பிளக்கின் ஓரம் பழுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும். மேனேஜர் காலி செய்யச் சொல்வதற்கு அது ஒன்றே போதும். சின்ன சிலிண்டரை ஒளித்து எடுத்துப்போவது அதைவிட ஆபத்து. ஜன்னல் சாத்திய அறையில் கசிந்தால் உயிருக்கே உலை. பாலும் வெந்நீரும் வைக்க கெட்டில் போதும், அதுவும் 1,000 வாட்டுக்குள். சோறு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

கடைசியாக பில். சங்கத்தின் பெயரில் ஒரே பில்லாகக் கேளுங்கள். 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,26,000-க்கு அது 6,300. உங்கள் பணம் அங்கேயே தாண்டிவிட்டது, பாருங்கள்.

மேலப்பாளையம்_அக்கா பதில்:

52 பேருக்கும் லாட்ஜ் தேவையில்லை தம்பி. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் எல்லாம் காலி. 2023-ல் வெள்ளம் வந்ததே மார்கழி பிறந்த நாளில்தான். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்த நாள் மட்டும் பார்த்து, மேட்டுப் பகுதியில் ஒரு மண்டபத்தைப் பேசி வையுங்கள். நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்களுக்கு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு ஆளுக்கு 50 சதுர அடி. உங்களுக்கு 2,600 சதுர அடி. டைனிங் ஹாலும் மாடியும் சேர்ந்தால் வந்துவிடும். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று வீதம் மூன்றாவது வேண்டும். மணமகள் அறையைப் பெண்களுக்கு உடை மாற்ற ஒதுக்கி, அதன் சாவியை ஒரு பெண்ணிடமே கொடுங்கள்.

மண்டபத்தின் பெரிய லாபம் அடுப்படி. ஒரு வேளைக்கு 8 கிலோ அரிசி வடித்தால் அத்தனை பேருக்கும் ஆச்சு, லாட்ஜில் இருப்பவர்களுக்கும் தூக்குவாளியில் அனுப்பிவிடலாம்.

லாட்ஜ் யாருக்கு? நிறைமாதக்காரி, பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாதவள், டயாலிசிஸ் போகிறவர், படுத்த படுக்கையாக இருக்கும் ஆச்சி, தனியாக இருக்கும் பெண். இந்தக் கணக்கில் 14 குடும்பத்தில் நான்கைந்து ரூம்தான் தேறும். 5 ரூம், 10 நாள், 45,000. லிஃப்ட் இல்லாத லாட்ஜ் என்றால் முதல் மாடிக்கு மேல் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எல்லாரும் பாளைக்குப் போய்விட்டால், சேதம் எழுத விஏஓ வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. 2023-ல் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. சேதமடைந்த குடிசைக்கு 10,000 தனி. தண்ணீர் வடிந்த நாளிலிருந்து தினமும் இரண்டு பேர் தெருவில் இருக்கிற மாதிரி முறை வையுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை, வீட்டு எண் தெரிகிற மாதிரி, கழுவுவதற்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும்.

ஒத்திப்பத்திரம் பதில்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பத்தாம் நாளுக்குப் பிறகு என்ன? மண்சுவர் தண்ணீர் நிற்கும்போது நிற்கும், வெயில் அடித்துக் காயும்போதுதான் சரியும். 14-ல் இரண்டு மூன்று குடும்பம் திரும்பிப் போக முடியாமல் ஆகும். அவர்கள் லாட்ஜிலேயே தங்கினால் ஒரு மாதத்துக்கு ரூம் ஒன்றுக்கு 27,000. மாதம் 6,500 வாடகையில் ஒரு சின்ன வீடு பார்த்தால் மூன்று மாத அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் சேர்த்தே 26,000. அதில் அட்வான்ஸ் திரும்ப வரும்.

நியூசிலாந்தில் இந்தத் தப்புதான் நடந்தது. 2016-ல் வீடில்லாதவர்களை மோட்டல்களில் தங்க வைக்க ஏழேழு நாளாக உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள். போக வீடு இல்லாததால் வாரம் வாரமாகப் புதுப்பித்து, குழந்தைகளோடு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். ரொட்டோருவா என்கிற சுற்றுலா ஊரில் மோட்டல் வரிசையே அப்படி மாறியது. இங்கிலாந்தில் கழிப்பறையோ சமையலறையோ பொதுவாக இருக்கும் விடுதிகளில் குழந்தையுள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2003-லேயே உத்தரவு போட்டார்கள். ரூம் சாவி கொடுக்கும் அன்றே காலி செய்யும் தேதியையும், அதற்குள் வீடு தேடப் போவது யார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, இருக்கும் குடும்பங்களைத் தனியாகப் பாருங்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ வீட்டுக்காரர் கையில் மாட்டியிருக்கும். வீடு இடிந்தாலும் அந்தப் பணம் வராமல் அடுத்த வீடு பார்க்க முடியாது. பலரிடம் இருப்பது 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய, பதிவு செய்யாத காகிதம். 100 ரூபாய்க்கு மேல் எந்த ஒத்தியும் பதிவு செய்தால்தான் செல்லும். இப்போதே பதிவு செய்ய முடிந்தால் செய்யட்டும். முடியாவிட்டால் பணம் பேங்க் வழியாகப் போன ஆதாரத்தையாவது எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு மேடான இடத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வைக்கட்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பேசலாம்.

ஆக, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் 30,000, லாட்ஜுக்கு வரியோடு 47,250, மிச்சம் 52,750-ஐத் தொடாதீர்கள். அது இரண்டு குடும்பத்தின் அட்வான்ஸ்.

சிந்துபூந்துறைக்காரன்:

அக்காவுக்கும் அண்ணாச்சிமாருக்கும் நன்றி. மண்டபம், ஐந்து ரூம், மிச்சம் அட்வான்ஸுக்கு என்று மாற்றிக்கொள்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். எங்கள் தெரு முனையில் கடைத் திண்ணையில் படுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆதார், ரேஷன் கார்டு எதுவும் இல்லை. அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மேலப்பாளையம்_அக்கா:

53-வது ஆளாக மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே யாரும் கார்டு கேட்கப் போவதில்லை. ஆனால் மழைக்குக் காத்திருக்காதீர்கள். மாநகராட்சியில் வீடற்றோர் தங்குமிடம் பற்றிக் கேளுங்கள். அது வருடம் முழுக்க, பகலிலும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. முதியோர் உதவி எண் 14567-லும் சொல்லலாம். அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் கண்காணிப்பாளரோ உங்கள் கவுன்சிலரோ ஆதாருக்கான சான்றிதழ் படிவத்தில் போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஆதார் எடுக்கலாம். அந்தச் சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும், வாங்கின வாரமே ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். முதலில் அவரிடம் வரச் சம்மதமா என்று கேளுங்கள். மூட்டையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால்தான் எழுந்து வருவார்.