பாப்டிஸ்ட் சபைகளில் பாட்டு, முழுக்கு, அங்கத்துவம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கிரீன்வில் கிட்டார்:
தென் கரோலைனா, எந்தக் கூட்டமைப்பிலும் சேராத சுயாதீன பாப்டிஸ்ட் சபை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிள் மட்டும், ஆண்களுக்கு டை, பெண்களுக்குப் பாவாடை. தெரிந்தவர்களுக்கு இது போதும். மாலை ஆராதனையில் விசேஷப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். பழைய ஞானப்பாட்டுதான், நம் பாட்டிமாருக்கே மனப்பாடமான ராகம். ஒத்திகையில் என்னோடு வந்த பையன் கஹோன் என்கிற தாளப் பெட்டிமேல் உட்கார்ந்து மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். பியானோ வாசித்த அம்மா நிறுத்திவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. மூடியைச் சாத்தினார், கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார், கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் சபைப் பொறுப்பாளரான டீக்கன் வந்து விளக்கினார்: வரிகளில் குற்றமில்லையாம், இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் விழுகிற அழுத்தம்தான் மாம்சத்துக்குரியதாம். பியானோவுக்குள்ளும் சுத்தியல்தானே அடிக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

டென்னசி அக்கா:
கைக்குழந்தையில் சிஎஸ்ஐயில் தெளிப்பு ஞானஸ்நானம், கல்லூரி நாளில் பெந்தெகொஸ்தே பாஸ்டர் கையால் தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம். முன்பு இருந்த ஊரில் சதர்ன் பாப்டிஸ்ட் (அமெரிக்காவின் பெரிய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு) சபை அதை ஏற்றுக்கொண்டது. இங்கே வந்து பாப்டிஸ்ட் சபை மட்டுமே உண்மையான சபை என்கிற லேண்ட்மார்க் வழிவந்த சபை ஒன்றில் அங்கத்துவம் கேட்டோம். புதன்கிழமை சாப்பாட்டில் பாஸ்டரின் மனைவி எனக்குச் சோளரொட்டி பரிமாறிக்கொண்டே, “கொடுத்தவர் பாப்டிஸ்ட் இல்லையென்றால் நீங்கள் இன்னும் ஞானஸ்நானமே எடுக்கவில்லை” என்றார். அதே மூச்சில் வெண்ணெய் வேண்டுமா என்றும் கேட்டார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், “திரும்பவுமா? சளி பிடிக்கும்” என்றார்.

ஞாயிறுபள்ளி வாத்தியார்:
அக்கா, அவர்கள் செய்ததில் தப்பில்லை. உங்கள் டென்னசியிலேயே 1851இல் காட்டன் குரோவில் லேண்ட்மார்க் தலைவர் ஜே. ஆர். கிரேவ்ஸ் கூட்டிய கூட்டத்தில், மற்றவர்களின் சபைகளைக் கிறிஸ்துவின் சபை என்று பாப்டிஸ்டுகள் ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கூடாது என்பதுதான் அவர்கள் நிலை. சபையே இல்லையென்றால் அது கொடுத்த முழுக்கு மட்டும் எப்படிச் செல்லும்? அப்பீல் பண்ண பிஷப்பும் கிடையாது, ஒவ்வொரு சபையும் தனி.
கிட்டார் தம்பி சொன்ன டீக்கனோடுதான் எனக்குச் சண்டை. 1691இல் லண்டனில் பெஞ்சமின் கீச்சின் பாப்டிஸ்ட் சபையிலிருந்து ஒரு கூட்டம் வெளியேறியது. காரணம் டிரம்ஸ் அல்ல, ஞாயிறுதோறும் சபையாகச் சேர்ந்து ஞானப்பாட்டுப் பாடலாம் என்று முடிவெடுத்ததுதான். அன்றைக்கு அதுதான் புதுமை.

டாலஸ்காரன்:
எனக்கு நடந்தது சின்னது. புரொஜெக்டர் என் பொறுப்பு. சனிக்கிழமை ராத்திரி பாஸ்டரிடமிருந்து மெசேஜ்: ஹில்சாங், பெத்தேல், எலிவேஷன் (புதுப் பாட்டுகள் வெளியிடும் பெரிய சபைகள்) பாட்டு எதுவும் திரையில் வரக்கூடாது, பாடினால் ராயல்டி அங்கே போகும். காலையில் என் பட்டியலில் ஒன்றும் மிஞ்சவில்லை. (எலிவேஷனே 2023 வரை சதர்ன் பாப்டிஸ்ட் கூட்டமைப்பில் இருந்ததுதான்.)
சரி, சபை தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பெயரில் பாப்டிஸ்ட் இல்லாத சதர்ன் பாப்டிஸ்ட் சபைகள் ஏராளம். விசுவாச அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 1689 லண்டன் அறிக்கை என்றால் கால்வின் வழி, தெரிந்துகொள்ளுதல் (மீட்கப்படுகிறவர்களைக் கடவுளே முன்கூட்டித் தேர்ந்தெடுத்தார் என்பது) பற்றிப் பிரசங்கம் நிறைய வரும். சதர்ன் பாப்டிஸ்டுகளின் ‘பாப்டிஸ்ட் விசுவாசமும் செய்தியும், 2000’ அறிக்கை என்றால் பாஸ்டர் பொறுப்பு ஆண்களுக்கு மட்டும். 2023இல் கலிபோர்னியாவின் பெரிய சாடில்பேக் சபையையே, பெண்ணைப் பாஸ்டர் பொறுப்பில் வைத்ததற்காகத்தான், கூட்டமைப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். திருவிருந்து யாருக்கு என்று கேளுங்கள்: விசுவாசி எல்லாருக்குமா, முழுக்கு எடுத்தவருக்கா, அந்தச் சபையின் அங்கத்தினருக்கு மட்டுமா? மிஷனரிப் பணம் கூட்டமைப்பு வழியாகப் போகிறதா, நேராகப் போகிறதா? எந்தப் பைபிள்? அப்புறம் ஒரு மாதமாவது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

டென்னசி அக்கா:
தம்பி, இங்கே யாரும் சபை தேடவில்லையே! வாத்தியார் சார், தீர்மானம் எனக்கும் தெரியும். வெண்ணெய் வேண்டுமா என்று அவர் கேட்ட விதம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

மௌன வாசகன்:
ஜார்ஜியாவில் கூட வேலை பார்த்தவரின் அப்பா அடக்கம், பழைய முறையை விடாத ப்ரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபை. கருவியே இல்லாமல் நாலு குரலில் பாடினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பியானோ எங்கே என்று மெதுவாகக் கேட்டேன். “புதிய ஏற்பாட்டில் எங்கே இருக்கிறது, காட்டு” என்று பைபிளை என் மடியில் வைத்துவிட்டார். வசனம் தெரிந்தவர்கள் போடுங்கள், அவரை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.