காரில் டொராண்டோ: கிரீன் கார்டு மட்டும் போதுமா?

கேள்வி:
அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து, கனடா எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜ் வழியாக டொராண்டோவில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போகிறோம். எல்லோரும் இந்திய பாஸ்போர்ட், மகனைத் தவிர. கணவரின் கிரீன் கார்டு போன மாதம் காலாவதி, புதுப்பிக்க ஐ-90 விண்ணப்பம் போட்டு ரசீது வந்துவிட்டது. அவர் பாஸ்போர்ட்டிலும் இன்னும் 3 மாதம்தான் மிச்சம். என் கார்டும் பாஸ்போர்ட்டும் நடப்பில் உள்ளவை. 7 வயது மகன் இங்கே பிறந்தவன், பாஸ்போர்ட் எடுக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு பி-2, அதாவது அமெரிக்கச் சுற்றுலா விசா. கார்டைக் காட்டினாலே விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

பதில் 1:
அது பழைய கதை. 2022 ஏப்ரல் 26 முதல் கார்டோடு சொந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கட்டாயம், சாலை வழியாகப் போனாலும்தான். விசா வேண்டாம். விமானத்தில் போவோருக்கு இருந்த இடிஏ என்ற ஆன்லைன் முன் அனுமதியும் அன்றோடு நின்றுவிட்டது.

கணவருக்கு: காலாவதியான கார்டும் ஐ-90-க்கு வந்த ஐ-797 ரசீதும் சேர்ந்தால்தான் ஒரு கார்டு. ரசீதின் அசல் தாளைக் கொண்டு போங்கள், போனில் படம் வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். எத்தனை மாதம் நீட்டிப்பு என்று அதிலேயே அச்சாகியிருக்கும். 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்தவற்றில் 36 மாதம், கார்டின் காலாவதித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். பாஸ்போர்ட்டில் 3 மாதம் போதும், 6 மாத விதி கனடாவில் இல்லை. ஆனால் இப்போது புதுப்பிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அது கைக்கு வரும்வரை அவர் பயணம் நின்றுபோகும்.

பதில் 2:
சிக்கல் மாமியாரிடம்தான். கிரீன் கார்டுச் சலுகை அவருக்கு ஒட்டாது, மகன் மருமகளோடு ஒரே காரில் வந்தாலும் ஆளுக்கு ஆள் தனிக் கணக்குத்தான். கனடா விசிட்டர் விசா வேண்டும்: ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகை 10 ஆண்டு செல்லும், முன்பே கொடுத்திருந்தால் அந்த 85 மிச்சம். ஒப்புதல் வந்தபின் ஸ்டிக்கர் ஒட்ட பாஸ்போர்ட்டை அனுப்பி வாங்கவும் நாளாகும். பலர் இந்த இரண்டாவது சுற்றைக் கணக்கில் சேர்க்காமல்தான் தேதியைத் தவறவிடுகிறார்கள்.

கனடா போய்த் திரும்பினால் மாமியாரின் ஐ-94-இல் (அமெரிக்காவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்ற பதிவு) புதிதாக 6 மாதம் விழும் என்றும் எண்ண வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, கல்யாணத்துக்கு இன்னும் 5 வாரம். மாமியாருக்கு இன்றே போட்டுவிடுகிறோம். மகனுக்கு?

பதில் 3:
அவன் அமெரிக்கக் குடிமகன், விசா வேண்டாம். 16 வயதுக்குக் கீழே என்பதால் சாலை வழியாகத் திரும்ப பிறப்புச் சான்றிதழ் போதும், போகும்போதும் அதையே காட்டலாம். விமானம் என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. கணவர் பின்தங்கி நீங்கள் மட்டும் கூட்டிப் போனால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வையுங்கள், நோட்டரி முத்திரையோடு இருந்தால் நல்லது.

பதில் 1:
ஒன்று விட்டுப்போயிற்று. காரில் யாருக்காவது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் தண்டனை உண்டா? 2018 டிசம்பர் 18 முதல் கனடாவில் அது கடும் குற்றங்களின் வரிசையில் இருக்கிறது. கிரீன் கார்டும் பாஸ்போர்ட்டும் சரியாக இருந்தாலும் திருப்பி அனுப்பலாம்.

பதில் 2:
திரும்பும்போது கஞ்சா மிட்டாய் எதுவும் பையில் இருக்கக் கூடாது. டொராண்டோவில் கடையிலேயே கிடைக்கும், ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம், கிரீன் கார்டுக்கே உலை. கல்யாண வீட்டில் கட்டிக் கொடுக்கும் கறிவேப்பிலையையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் பச்சை இலைக்குத் தடை. சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் அபராதம் உண்டு.