ஜிப்மரை முதல் சாய்ஸா போடலாமா?

கேள்வி: கடலூர்ல இருக்கோம். மகளுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் புதுச்சேரி ஜிப்மர்தான் ஆசை, நீட் ரேங்க் விளிம்புல நிக்குது. எம்சிசியில (மத்திய மருத்துவக் கவுன்சலிங்) அதை முதல்ல போட்டா சிதம்பரம் அரசுக் கல்லூரி கைவிட்டுப் போயிடுமா?

பதில் 1: போகாது. மேல உள்ளது கிடைக்கலைன்னா அடுத்த சாய்ஸைப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனா எம்சிசியில சிதம்பரத்துக்கு 15% இடம்தான். மீதி 85% மாநிலக் கவுன்சலிங், அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்.

பதில் 2: வேண்டாத கல்லூரியைச் சும்மா ரொப்பி வைக்காதீங்க. முதல் சுற்றுல சேராம விட்டா நஷ்டமில்லை. இரண்டாவதுல விட்டா டெபாசிட் போச்சு. அப்கிரேடு (லிஸ்ட்ல மேல உள்ள கல்லூரிக்கு மாற்றம்) கேட்டுப் புது சீட் வந்தா பழசு தானா ரத்தாயிடும், திரும்பக் கேட்க முடியாது.

பதில் 3: ஜிப்மர்ல புதுச்சேரி உள் ஒதுக்கீடு அந்த ஊர்க் குடியிருப்புச் சான்று உள்ளவங்களுக்கு மட்டும். உங்க பிரிவோட அகில இந்தியக் கடைசி ரேங்கைப் பாருங்க. பாண்டிச் சொந்தக்காரப் பிள்ளைக்கு எந்த ரேங்குல கிடைச்சுதுங்கிற கணக்கு உங்களுக்கு உதவாது.