பழைய மண்டபத்தை இடிக்க வேண்டாம்: திருகோணமலை வாசிகசாலை உறுப்பினர்களின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

எங்கள் சனசமூக நிலையத்தின் பழைய மண்டபத்தை இடித்துவிட்டு இரண்டு மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. அங்கே பழகியவர்கள் ஆளுக்கு ஓர் அனுபவத்தையாவது எழுதி வைக்க வேண்டும். முதலில் என்னுடையது.

என் அப்பா கடற்படைத் தளத்தில் பட்டறைத் தொழிலாளி. வேலை முடிந்து குளித்துவிட்டு நேரே அந்த மண்டபத்தில் இருந்த வாசிகசாலைக்குத்தான் போவார். முன் விறாந்தையில் ஒரு நீண்ட வாங்கு இருந்தது. ஒருவர் அதில் அமர்ந்து வீரகேசரியை உரத்து வாசிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். ஒரு செய்தியைத் தாண்டினாலும் விடமாட்டார்கள். "தம்பி, அந்த மூலையில் உள்ளதையும் வாசி" என்று ஒரு பெரியவர் அதட்டுவார். 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதையும், சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்ததையும், சனம் காட்டுப்பக்கம் ஓடியதையும் நான் அந்த வாங்கில் இருந்துதான் கேட்டேன்.

1957 ஒக்டோபர் 15 அன்று பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்தார்கள். எல்லோருக்கும் பெருமைதான், ஆனால் வேலை இழந்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அந்தக் காலத்தில் நிலையத்தில் அவர்களிடம் சந்தா கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் விறாந்தையில் மேசை போட்டு மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவின் மனுவும் அங்கே எழுதியதுதான்.

கட்டடம் பழுதாகிவிட்டது என்கிறார்கள். அனுபவமுள்ள தச்சர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். ஏணி வைத்து ஏறி, ஓட்டைக் கிளப்பி, தீராந்திகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். முதிரை மரம்; கணீரென்றது. மேற்கு மூலையில் மழை ஒழுகிச் சில சிலாகைகள் உளுத்திருக்கின்றன. அவற்றையும் உடைந்த ஓடுகளையும் மாற்றினால் போதும் என்றார். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தத் தடித்த சுவரை இன்று யார் கட்டித் தருவார்கள்?

ரொறன்ரோவிலிருந்து:

1964 டிசம்பர் புயலில் எங்கள் ஓலை வீடு போய்விட்டது. அம்மா தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்து இழுத்தபடி மண்டபத்துக்கு ஓடினார். ஒரு யன்னலின் கதவு பிய்ந்துவிட, கரம் பலகையைத் தூக்கி அதற்கு அண்டை கொடுத்து, விடியும்வரை இளைஞர்கள் மாறி மாறி முதுகால் தாங்கி நின்றார்கள். கொஞ்சம் ஓடுகள் பறந்தனவே தவிர, கட்டடம் அசையவில்லை. அதே புயல்தான் தனுஷ்கோடியில் ரயிலையே கடலுக்குள் இழுத்துச் சென்றது என்று பிறகு அந்த விறாந்தையில் பத்திரிகை வாசிக்கக் கேட்டோம்.

பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்த இடம் போதாது என்பது உண்மை. பின்வளவு சும்மா கிடக்கிறது. அங்கே கட்டட்டும், என் பங்கை உடனே அனுப்புகிறேன். இடிப்பதற்கு ஒரு சதமும் தரமாட்டேன்.

திருக்கடலூரிலிருந்து:

ஆண்கள் எல்லோரும் வாங்கையும் கரத்தையும் பற்றி எழுதுகிறார்கள். புயலுக்கு ஒதுங்கிய அந்த இரவைத் தவிர, எங்களுக்கு அந்தப் படலை நெடுங்காலம் அடைத்தே இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்த பிறகுதான் பெண்கள் உள்ளே போனோம், அதுவும் சமைக்க. மண்டபம் நிறையச் சனம். பின்விறாந்தையில் கிடாரத்தில் கஞ்சி கொதித்தது. நிலைமை சீரானதும் நாங்கள் வெளியேறவில்லை. பக்கத்து அறையில் தையல் வகுப்புத் தொடங்கினோம், போராடி உறுப்புரிமையும் பெற்றோம். இவ்வளவு பாடுபட்டு நுழைந்த இடத்தை இடிக்க விடுவோமா? பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு வந்தால் எங்கள் கைகள் எல்லாம் இடிப்பதற்கு எதிராகவே உயரும். அதற்கு முன் ஓர் உதவி வேண்டும்: அலுமாரியில் உள்ள பழைய கூட்ட அறிக்கைப் புத்தகங்களின் தாள்கள் பொடிந்து உதிர்கின்றன. நல்ல கமரா வைத்திருப்பவர்கள் வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் திறப்பு என்னிடம்தான் இருக்கும்.